மாலை போட்ட படம் மாதிரி இருக்கக் கூடாது

வணக்கம். வேலூர் வெயிலில், மத்தியானக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருப்பதே பெரிய விஷயம். ஃபேனுக்குக் கீழே இருப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் பின்னால் நிற்பவர்களும் உட்காரலாம்.

குழந்தையை ஆயில் பெயிண்டிங்காக வரைந்து கொடுங்கள் என்று ஒரு குடும்பம் கேட்டு வரும்போது, முதல் எதிர்ப்பு பாட்டியிடமிருந்துதான் வரும். “உயிரோட இருக்கிற புள்ளைய எதுக்குப் படமா மாட்டணும்?” நம் வீடுகளில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும் பெரிய முகம் பெரும்பாலும் காலமானவருடையது. மேலே சந்தன மாலை, கீழே சின்ன பல்பு. பாட்டி சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். நான் அதை ஓவிய அமைப்பைப் பற்றிய விமர்சனமாகத்தான் எடுத்துக்கொள்வேன். நேராகப் பார்க்கும் முகம், மார்பளவு உருவம், கான்வாஸின் நட்டநடு, பின்னால் வெறும் சாம்பல் நிறம். இவை சேர்ந்துவிட்டால் எந்தக் குழந்தையும் மாலை போட்ட படமாகிவிடும்.

அதனால் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். உருவத்தை நடுவிலிருந்து ஒதுக்குங்கள். திண்ணையோ ஜன்னலோ, அந்த வீட்டின் ஏதாவது ஒரு மூலை படத்துக்குள் வரட்டும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். “கையைக் கட்டிக்கிட்டு நில்லு” என்று அப்பா அதட்டுவார், கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை எப்போதும் எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறதோ அதுவே கையில் இருக்கட்டும்.

யார் காசு கொடுக்கிறார் என்பது படத்தின் அமைப்பில் தெரிந்துவிடும். இதற்கு நம் கோட்டையோடு தொடர்புடைய உதாரணமே இருக்கிறது. 1792-ல் திப்பு சுல்தான் போரில் தோற்று, தன் மகன்கள் இருவரை ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸிடம் பணயமாக அனுப்பினார். சின்னப் பையன்கள். ஆங்கிலப் படையோடு போயிருந்த ஓவியர் ராபர்ட் ஹோம் அந்தக் காட்சியைத் தைலவண்ணத்தில் தீட்டினார். மாதர் பிரவுன் என்பவர் இந்தியாவுக்கே வராமல் லண்டனில் இருந்தபடி தீட்டினார். ஹோமின் படத்தில் கார்ன்வாலிஸ் பையன்களைக் கைப்பிடித்து வரவேற்கிறார். ஜெயித்தவர் எவ்வளவு நல்லவர் என்பதற்கு அந்தப் பிள்ளைகள் அத்தாட்சி, அவ்வளவுதான். 1799-க்குப் பிறகு திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்ததும், 1806 புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். இன்று ஓர் அப்பா தன் பையனுக்குக் கோட் மாட்டி, ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்து வரையச் சொன்னால், அதையும் நான் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன்.

அடுத்து அளவு. ஒருவருடைய தலையின் உயரத்தையே அளவுகோலாக வைத்தால், வளர்ந்தவர் உயரம் சுமார் ஏழரைத் தலை. பிறந்த குழந்தை நான்கு தலை. ஐந்து வயதில் ஐந்தரை, ஆறு. பெரியவர்களுக்குக் கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். சின்னக் குழந்தைக்கு அதற்கும் கீழே. நெற்றி பெரிது, தாடை சின்னது, மூக்குத்தண்டு இன்னும் எழும்பவில்லை. பழக்க தோஷத்தில் கண்ணை நடுவில் வைத்துவிட்டால் குள்ளமான பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். தலையை உயிரளவைவிடக் கொஞ்சம் சிறிதாகவே வையுங்கள். சுற்றிலும் இடம் விடுங்கள். கான்வாஸை முகம் அடைத்துக்கொண்டால் குழந்தை பூதம் மாதிரி தெரியும்.

நாலு வயசுப் பிள்ளை உங்களுக்காக ஒரே இடத்தில் உட்காராது, போட்டோ வேண்டியதுதான். ஆனால் நின்றுகொண்டு போனைக் கீழ்நோக்கிப் பிடித்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகிவிடும். முகத்துக்கு அருகில் போனால் மூக்கு உப்பி, காது பின்வாங்கும். தரையில் உட்காருங்கள், எட்டடி தள்ளி, கண்ணுக்கு நேராக. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது. தெற்கு ஜன்னலில் நம் ஊர் வெயில் அடித்து, சிவப்புத் தரையில் பட்டுத் திரும்பி, தாடைக்கு அடியில் ஆரஞ்சு பூசிவிடும். கொஞ்ச நேரமாவது குழந்தையை நேரில் பார்த்து நிறங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலுக்குள் இருக்கும் நிறம் போட்டோவில் பெரும்பாலும் வெறும் கறுப்பாகத்தான் விழுகிறது.

இப்போது பெரிய சண்டை. “கொஞ்சம் கலரா வரைஞ்சிடுங்க சார்.” இதற்கு என் பதில் முடியாது என்பதுதான், அதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். மாநிறத் தோல் ஆயில் கலருக்குக் கிடைத்த வரம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, எல்லோ ஓக்கர் என்ற காவி மஞ்சள், துளி அல்ட்ராமரைன் நீலம். வெளிச்சம் விழும் இடத்தில் டைட்டானியம் வெள்ளையை அள்ளிக் கொட்டினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். ஓக்கரையும் லேசான சிவப்பையும் வைத்தே வெளிச்சத்தை ஏற்றுங்கள். ஜன்னலிலிருந்து வானத்தின் வெளிச்சம் நெற்றியில் விழும்போது மெல்லிய நீலம் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் காது மடல் ரத்தச் சிவப்பாக ஒளிரும். பவுடர் பூசி அழைத்து வந்தால் இவை எல்லாம் போச்சு. அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆரணிப் பட்டுப் பாவாடை வந்தால் ஜரிகைக்குத் தங்கப் பெயிண்ட் தேடாதீர்கள். ஓக்கரும் அம்பர் என்ற பழுப்பும் போதும், நாலு இடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு தொடுதல். அதற்கு மேல் போனால் பார்க்கிறவர் கண் முகத்தை விட்டு இறங்கிவிடும். ஆறு வயதில் முன்பல் விழுந்திருக்கும். “பல்ல வெச்சு வரைஞ்சிடுங்க” என்பார்கள். வாயை மூடி வரைய ஒப்புக்கொள்வேன். இல்லாத பல்லைக் கட்டமாட்டேன்.

பெயிண்ட் போடுகிற முறை உங்களில் பலருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய அம்பர், மேலே போகப்போக லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், கூடட்டும். மாற்றிச் செய்தால், அடியில் எண்ணெய் மெதுவாகக் காய்ந்துகொண்டிருக்க மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடிக்கும். வேலூர் வெயிலில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்த மாதிரி தெரியும்; அதை நம்பி உடனே வார்னிஷ் அடிக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதம் போகட்டும். படத்தைக் கொடுக்கும்போதே, வார்னிஷ் போட மறுபடி வருவேன் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் “ஏன் பளபளப்பே இல்ல?” என்று போன் வரும். பூஜை அறையில் விளக்குப் புகை படும் இடம் வேண்டாம். பத்திரம் என்று நினைத்து பீரோவுக்குள் வைப்பதும் வேண்டாம், லின்சீட் எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும்.

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள். என்ன ரேட் என்பதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.