மாத்திரை போட்டும் சுகர் ஏறுதா? டோஸைக் கூட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கங்க. "மாத்திரையை ஒழுங்காத்தான் போடுறேன், ஆனா சுகர் ஏறிக்கிட்டே போகுது." இப்படிச் சொல்றவங்கள்ல சில பேர் அடுத்து தாங்களாவே ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கிடுறாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. எந்த நேரத்துல ஏறுதுன்னு தெரியாம டோஸைக் கூட்டினா, இன்னொரு நேரத்துல தடால்னு இறங்கிடும்.

முதல்ல ரீடிங் சரியான்னு பாருங்க. கையை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் இல்லாம துடைச்சுட்டுக் குத்துங்க. மாம்பழம் நறுக்கின விரல்ல குத்தினா பழத்தோட சர்க்கரையும் சேர்ந்து ஏறித்தான் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வெச்சா ஈரம் பட்டு அதுவும் தப்பாக் காட்டும்.

அடுத்தது, ஜோடியாப் பாருங்க. ஒரு நாள் காலை டிபனுக்கு முன்னாடி ஒண்ணு, 2 மணி நேரம் கழிச்சு ஒண்ணு. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு, அதுக்கு மறுநாள் ராத்திரிக்கு. அந்த 2 மணி நேரம் முதல் வாய் வெச்சதுல இருந்து கணக்கு, கை கழுவினதுல இருந்து இல்லை. பொதுவா முன்னாடி 80-ல இருந்து 130, பின்னாடி 180-க்குள்ள. வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தி வைப்பாங்க.

முன்னாடி 120, பின்னாடி 240-னா முதல்ல தட்டைப் பாருங்க. 5 இட்லியை 3 ஆக்கி, கூட சுண்டலோ முட்டையோ வெச்சு, சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடந்துட்டு மறுபடி பாருங்க. வெறும் வயித்துலயே 170-னா ராத்திரிச் சாப்பாடு மட்டும் காரணமா இருக்காது. தூங்கும்போது கல்லீரல் சர்க்கரையை அளவுக்கு மீறி வெளிய விடுது. மெட்ஃபார்மின்ங்கிற மாத்திரை முக்கியமா அதைத்தான் அடக்குது.

இப்போ மாத்திரை நேரம். அட்டையில பிராண்ட் பேருக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல மருந்துப் பேர் இருக்கும், அதைப் படிங்க. ரெண்டு டாக்டர்கிட்ட காட்டுறவங்க வேற வேற பிராண்ட்ல ஒரே மருந்தை ரெண்டு தடவை போட்டுடறது உண்டு. மெட்ஃபார்மின் சாப்பாட்டோட, இல்லைன்னா சாப்பிட்ட உடனே. எஸ்.ஆர்.னு போட்டிருந்தா பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. மெதுவா கரைய வேண்டிய மருந்து மொத்தமா இறங்கிடும். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கா சாப்பிட்டா வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போனா அதையும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க.

கிளிமெபிரைடுங்கிற சுகர் மாத்திரை விஷயத்துல ரொம்ப கவனம் வேணும். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளிய தள்ளுது, நீங்க சாப்பிட்டாலும் சரி, சாப்பிடலைன்னாலும் சரி. தட்டு தயாரான பிறகு போடுங்க. விரதம், ரத்த டெஸ்ட்டுன்னு சாப்பாடு தள்ளிப்போற நாளுக்கு என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்குங்க. எந்த மாத்திரையா இருந்தாலும், விட்டுப்போச்சுன்னு அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடாதீங்க.

கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்து மீட்டர் 70-க்குக் கீழ காட்டினா 15 கிராம் குளுக்கோஸ் எடுங்க, அதாவது 3 டீஸ்பூன். 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க. இன்னும் ஏறலைன்னா இன்னொரு தடவை. மாத்திரையில வோக்லிபோஸ் கலந்திருந்தா வீட்டுச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது. சீனியை உடைக்கிற நொதியையே அந்த மருந்து தடுக்குது. அதனால குளுக்கோஸ் பவுடரையே பையில வெச்சுக்குங்க. மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.

திடீர்னு ஏறினா, சமீபத்துல மூட்டுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டீங்களா, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இருக்கான்னு யோசிங்க. டாபாகிளிஃப்ளோசின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறது வந்தா, சுகர் 200-தானேன்னு வீட்ல இருக்காதீங்க. அந்த அளவுலயே ரத்தத்துல அமிலம் ஏறலாம். அன்னிக்கு அந்த மாத்திரையைப் போடாம உடனே கிளம்புங்க, கீட்டோன், அதாவது அந்த அமிலம், ஏறியிருக்கான்னு பார்க்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லுங்க.