முப்பத்துச் சொச்சம் நிமிடம் ஆடியவர்

நேயர்களுக்கு வணக்கம். காஜிமியெஷ் கூர்ஸ்கி போலந்து கால்பந்து அணிக்காக ஆடியது ஒரே ஒரு சர்வதேசப் போட்டி. 1948 ஜூன் மாதம், கோபன்ஹேகனில், டென்மார்க்குக்கு எதிராக. முதல் பாதி முடியும் முன்பே அவரை வெளியே அழைத்துவிட்டார்கள். ஆட்டம் 8-0 என்று முடிந்தது. அதைவிடப் பெரிய தோல்வியைப் போலந்து இன்றுவரை கண்டதில்லை. அந்த மனிதர்தான் பின்னாளில் அந்நாட்டின் மிகப் பெரிய பயிற்சியாளர் ஆனார்.

அவர் 1921இல் லுவூஃப் நகரில் பிறந்தார். இன்று அது உக்ரைனின் லிவீவ். போருக்குப் பின் எல்லைக்கோடு நகர்ந்தது. அவர் வார்சாவில் ராணுவத்தின் லெகியா கிளப்பில் முன்கள வீரராக ஆடினார். பிறகு பயிற்சியாளராகி, இளைஞர் அணிகளில் பல ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்தார். 1970 இறுதியில் தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

அன்றைய கம்யூனிஸ்ட் போலந்தில், காகிதக் கணக்கில், தொழில்முறைக் கால்பந்து வீரரே கிடையாது. ஒருவர் சுரங்கத் தொழிலாளி, இன்னொருவர் ராணுவத்தினர். தொழில்முறை வீரர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை; அதனால் நாட்டின் முழு பலமும் ஒலிம்பிக்கில் இறங்க முடிந்தது; மேற்கு நாடுகளால் அப்படி இறங்க முடியவில்லை. 1972 மியூனிக் தங்கத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது. ஆனாலும் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற ஹங்கேரிக்கும் அதே வசதி இருந்தது. பின்தங்கியிருந்த போலந்தை, டெய்னா அடித்த இரண்டு கோல்கள் 2-1 என வெல்ல வைத்தன.

மறு ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஹோஷுவ் நகரில் இங்கிலாந்தை 2-0 என வீழ்த்தினார்கள். ஆனால் கோல் அடித்த லுபான்ஸ்கி அதே ஆட்டத்தில் முழங்காலில் காயம்பட்டார். அணியின் முதன்மை வீரர் இல்லாமலேயே அக்டோபர் 17 அன்று இங்கிலாந்துடனான மறு ஆட்டத்துக்கு லண்டனின் வெம்பிளி மைதானத்துக்குச் சென்றார்கள். கோல்கீப்பர் தோமஷெவ்ஸ்கியை ஆங்கிலேயத் தொலைக்காட்சியில் ஆங்கிலேயப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் கோமாளி என்றார். அந்தக் கோமாளி ஆட்டம் முழுக்கப் பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருந்தார். நடுவே லாட்டோ பந்தைப் பறித்து ஓடிவந்து கொடுக்க, டொமார்ஸ்கி அடித்தது இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டனின் உடலுக்கு அடியில் நழுவி வலைக்குள் போயிற்று. இங்கிலாந்துக்குக் கிடைத்தது ஒரு பெனால்டி கோல் மட்டுமே. 1-1. உலகக் கோப்பைக்குப் போனது போலந்து.

கூர்ஸ்கி உத்திகளைப் பெரிதாகப் பேசுகிறவர் அல்லர். எதிரணிகளைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து அடுக்கும் வேலையைத் துணைப் பயிற்சியாளர் யாட்செக் க்மோஹிடம் விட்டுவிட்டார். அவர் பொறியியல் படித்தவர். ‘பந்து உருண்டை, கோல் வலைகள் இரண்டு’ என்று கூர்ஸ்கி சொன்ன வாக்கியத்தைப் போலந்தில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அது வெறும் நகைச்சுவையாகத் தெரியவில்லை. பயந்திருக்கும் வீரனிடம் பயிற்சியாளர் என்னதான் சொல்ல முடியும்?

1974 மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையில் அர்ஜென்டினா, இத்தாலி, ஸ்வீடன், யூகோஸ்லாவியா எல்லாம் போலந்திடம் தோற்றன. ஹைட்டிக்கு எதிராக ஏழு கோல். பிறகு ஜூலை 3, ஃபிராங்க்ஃபர்ட்; மேற்கு ஜெர்மனியுடன், இறுதி ஆட்டத்துக்குப் போவது யார் என்று முடிவுசெய்யும் ஆட்டம். கொட்டித் தீர்த்த மழையில் மைதானம் குளமாகி, தீயணைப்புத் துறையினர் தண்ணீரை இறைத்தார்கள். ஓடியே ஜெயிக்கும் லாட்டோவும் கடோஹாவும் அந்தச் சேற்றில் பாதி வீரர்களாகிவிட்டார்கள். ஹோனஸின் பெனால்டியைத் தோமஷெவ்ஸ்கி தடுத்தும், கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோலில் எல்லாம் முடிந்தது. காய்ந்த தரையாக இருந்திருந்தால் போலந்து ஜெயித்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஜெர்மனிக்குச் சமநிலையே போதுமாக இருந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் லாட்டோவின் கோல் பிரேசிலை வீழ்த்தியது. ஏழு கோல்களுடன் அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவரே.

இரண்டே ஆண்டுகளில், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் கிழக்கு ஜெர்மனியிடம் 3-1 எனத் தோற்று வெள்ளி கிடைத்தது. அதைத் தாயகத்தில் தோல்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். கூர்ஸ்கி பதவி விலகி கிரீசுக்குப் போனார். அங்கே அவர் பயிற்சியளித்த பனதினைகோஸ் அணி 1977இல் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. 1991இல் அவர் போலந்து கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார்.