திட்டுகிற சமையல்காரரை யாருக்குப் பிடிக்கும்?

(கும்பகோணத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சை ரொம்பத் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு கார்டன் ராம்சேயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கீழே டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. ஒரு பெரியவர், "வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை, அந்தாளைப் பத்தி என்னத்தைப் பேசறது" என்றார். காலேஜ் படிக்கிற தம்பி ஒருவர் விடவில்லை, "இல்ல சார், அவர் கத்துனா அதுல ஒரு நியாயம் இருக்கும்" என்றார். விசாரித்தால் இரண்டு பேரும் பார்த்தது அவருடைய வேறு வேறு டிவி நிகழ்ச்சி. எனக்கென்னவோ தகராறே அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று படுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராம்சே 1966-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கால்பந்து ஆடப் போய், முழங்காலில் அடிபட்டு, சமையலுக்கு வந்தவர். 1998-இல் லண்டன் செல்சியில் சொந்தமாக ரெஸ்டாரண்ட் திறந்தார், 2001-இல் அதற்கு மிஷலின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது (ஓட்டல்களுக்குத் தரம் போடுகிற பிரெஞ்சுக் கையேடு மிஷலின், மூன்றுதான் அதில் உச்சம்), அதை இன்னும் விடவில்லை. ஆக, சமைக்கத் தெரியாதவன் கத்துகிறான் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இப்போது அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். ஒன்று, 'கிச்சன் நைட்மேர்ஸ்'. 2004-இல் பிரிட்டனில் தொடங்கி 2007-இல் அமெரிக்காவுக்குப் போனது. நொடித்துப்போகிற நிலையில் ஒரு ஓட்டல் இருக்கும். ராம்சே போய், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து, நாலு ஐட்டம் வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பார். அப்புறம் நேராகப் பின்கட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பார். மேல் தட்டில் பச்சைக் கோழி, அதன் நீர் சொட்டச் சொட்டக் கீழ்த் தட்டில் நேற்று சமைத்த குழம்பு, என்றைக்கு வைத்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு டப்பா. அப்போது விழும் பாருங்கள் திட்டு, அது பெரும்பாலும் முதலாளிக்கு. காசு வாங்கிக்கொண்டு கெட்டுப்போனதைப் பரிமாறுகிறவருக்கு.

இது நமக்கு ஏன் இனிக்கிறது? நாம் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு ஓட்டலில் சட்னி புளித்திருந்தால், அதை இலை ஓரத்தில் மெதுவாக ஒதுக்கிவிட்டு, கல்லாவில் சிரித்துக்கொண்டே பில்லைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வீட்டில் இருப்பவர்களிடம் கத்துகிற ஜாதி. நாம் கேட்காமல் விட்டதையெல்லாம் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கேட்கிறான் என்றால் ருசிக்கத்தானே செய்யும்.

இன்னொன்று 'ஹெல்ஸ் கிச்சன்', அது ஒரு சமையல் போட்டி. அங்கே நிற்பவர்கள் வேலைக்கு ஆசைப்பட்டு வந்த சமையல்காரர்கள். பரிசே ஒரு வேலைதான். ராம்சேதான் முதலாளி, அவர்தான் நீதிபதி, எதிர்த்துப் பேசினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இங்கேயும் அதே வார்த்தைகள், அதே குரல், தட்டு பறக்கிறது, மீன் வேகவில்லை என்று முகத்துக்கு நேரே கத்தல். ஆனால் திட்டு இப்போது கீழே பார்த்து விழுகிறது. முதல் நிகழ்ச்சியை ரசித்துப் பார்க்கிற நான் இதை ஒரு எபிசோட் முழுசாகப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இதற்கு ரசிகர்களிடம் ஒரு பதில் உண்டு. பெரிய சமையற்கட்டு என்றால் அப்படித்தான், அவரும் வாங்கி வளர்ந்தவர்தான் என்பார்கள். உண்மைதான். லண்டனில் அவர் வேலை பார்த்த தலைமைச் சமையல்காரர் மார்கோ பியர் வைட் அவரை அழவே வைத்திருக்கிறார். பாரிஸில் அவருக்கு முதலாளியாக இருந்த ஜோயல் ரொபுஷோன், ரவியோலி (கொழுக்கட்டை மாதிரி உள்ளே பூரணம் வைத்த இத்தாலியப் பண்டம்) தட்டை ராம்சே மேலேயே எறிந்ததாகத் தாமே சொல்லியிருக்கிறார். சரி, அதற்கும் முன்னால் போவோம். இன்றைக்கு உலகம் முழுக்க ஓட்டல் சமையற்கட்டில் ஆளுக்கொரு பிரிவு, மேலே ஒரு தலைவர் என்று பட்டாளம் மாதிரி வகுத்துவைத்தவர் பிரான்சின் பழைய சமையல்காரர் எஸ்கோஃபியே. பட்டாளத்திலேயே சமைத்தவர். அந்த மனிதர் தன் சமையற்கட்டில் கெட்ட வார்த்தை கூடாது என்று வைத்திருந்தார். ஆகவே மரபு என்று யாராவது சொன்னால், எந்த மரபு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ராம்சேயிடம் வேலை பார்த்தவர்கள் பெரிய ஆளாகவில்லையா என்றும் கேட்பார்கள். ஆனார்கள். கிளேர் ஸ்மித் 2012-இல் அந்தச் செல்சி ரெஸ்டாரண்டின் பொறுப்பையே ஏற்று நடத்தினார், 2017-இல் தனியாகத் திறந்து 2021-இல் தானே மூன்று நட்சத்திரம் வாங்கினார். வளர்ந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். பாதியில் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்களுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

சமையற்கட்டுக்கு வெளியிலும் ராம்சே வாய் சும்மா இருந்ததில்லை. 2009-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு டிவி தொகுப்பாளர் பெண்மணியைப் பற்றி மேடையிலேயே அசிங்கமாகப் பேசி, அந்த நாட்டுப் பிரதமர் கெவின் ரட் வரைக்கும் கண்டிக்கும்படி ஆனது. அங்கே எந்தக் கோழியும் வேகாமல் இல்லை. நம் மெதுவடையையும் விட்டாரா? ஒருவர் வடை, சாம்பார், சட்னி வைத்த தட்டைப் படமெடுத்துப் போட்டுக் கருத்துக் கேட்டதற்கு, ஜெயிலிலிருந்தும் ட்வீட் போடலாமா என்று கேட்டார், ஜெயில் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேருக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் சிரித்த கட்சி, வடை மேல் ஆணையாக.

ஆனால் இவர் இவ்வளவுதான் என்று முடித்துவிடவும் முடியாது. அமெரிக்க 'மாஸ்டர்செஃப்' சமையல் போட்டியில் ராம்சே ஒரு நடுவர். அதன் 2012 சீசனில் கிறிஸ்டின் ஹா என்று ஒரு போட்டியாளர், பார்வை இல்லாதவர். ஆப்பிள் பை செய்துவிட்டு, குப்பை மாதிரி இருக்கும் என்று நினைத்துக் கண்கலங்கி நிற்கிறார். ராம்சே அதன் நிறம் எப்படி இருக்கிறது, ஓரம் எப்படி வந்திருக்கிறது என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறார். அப்புறம் கத்தியை மேலோட்டின் மீது கரகரவென்று இழுத்து, அந்த மொறுமொறுப்பை அவர் காதால் கேட்கும்படி செய்கிறார். அந்த சீசனில் ஜெயித்ததே அவர்தான். 2013-இல் குழந்தைகளுக்கான போட்டி வந்தபோதும் அப்படித்தான், எட்டு வயசுப் பிள்ளை சொதப்பினால் பக்கத்தில் போய்த் தேற்றுகிறார்.

இதைப் பார்த்து ரசிகர்கள் உருகுகிறார்கள், மனுஷனுக்குத் தங்கமான மனசு என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எட்டு வயசுப் பிள்ளையிடம் அடக்க முடிகிற கோபத்தை இருபத்தைந்து வயசுப் பையனிடமும் அடக்கலாம். அப்படியானால் அது தன்னை மீறி வருகிற கோபம் இல்லை, ஆள் பார்த்து வருகிற கோபம்.

நம் ஊர் கல்யாண மண்டபத்துப் பின்கட்டுக்கு விடிகாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். கோட்டை அடுப்பில் அண்டா கொதிக்கும், தலைமை மாஸ்டர் சாம்பாரை வாயில் வைக்காமல் ஆவியை முகர்ந்தே உப்பு குறைச்சல் என்பார், அது மகா வித்தைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. "சனியனே, தேங்காயைத் துருவச் சொன்னா ஓட்டையும் சேர்த்துத் துருவறியா" என்று பையன் மேல் கரண்டியை ஓங்குவார். அந்த நிமிஷம் பெண்ணின் அப்பா உள்ளே எட்டிப் பார்த்தால், ஓங்கிய கரண்டி இறங்கும், "ஒண்ணும் கவலைப்படாதீங்கோ, ஏழு மணிக்குப் பந்தி ரெடி" என்று தேனாய் வரும். நாம் என்ன சொல்கிறோம்? கோவக்காரர், ஆனால் கை மணம் அப்படி என்கிறோம். கை மணத்துக்கும் கரண்டி ஓங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

கொதிக்கிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும்போது "வழி, வழி, சூடு" என்று கத்தினால் யாரும் கோவித்துக்கொள்வதில்லை. சமையற்கட்டுக்கு அந்தச் சத்தம் தேவை, அது இல்லாவிட்டால் ஆள் வெந்துபோவான். சனியன் என்ற வார்த்தை இல்லாமலும் தேங்காய் துருவலாம்.

இப்போது மாஸ்டர்களுக்கே இது கொஞ்சம் உறைத்திருக்கிறது. துருவுகிற பையன் கிடைப்பதில்லை. ஒரு முகூர்த்தத்தில் திட்டு வாங்கினவன் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு மாஸ்டரிடம் போய்விடுகிறான், இல்லை திருப்பூருக்கே பஸ் ஏறிவிடுகிறான். சரி, நான் நிறுத்திக்கொள்கிறேன். பின்வரிசையில் மண்டபத்து மாஸ்டர் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கண்ணே, உங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு.