மடியிலிருந்த காசு

அவையோருக்கு வணக்கம்.

கிறிஸ்தவ நம்பிக்கையையும் அரசதிகாரத்தையும் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வெள்ளிக் காசிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அதற்கு விலக்கல்ல. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காசைக் காட்டச் சொல்கிறார். அது அவரிடம் இல்லை. கேட்டவர்களின் மடியில் இருந்தது. ஆய்வாளர் பலர் கருதுவதுபோல் அது ரோமப் பேரரசன் திபேரியுவின் காசு என்றால், அவன் முகத்தைச் சுற்றி, தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்ற எழுத்தும் இருந்திருக்கும். எனவே "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும்" என்ற மறுமொழியை, இருவருக்கும் எல்லை பிரித்துக் கொடுத்த பாகப்பத்திரமாகப் படிப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. காசில் இராயனின் சாயல் என்றால் மனிதனில் யாருடைய சாயல் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

அரசு பகையாக நின்ற காலத்தில் இதில் குழப்பம் குறைவு. ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் இன்றைய துருக்கியிலிருந்த ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பேரரசரின் உருவத்தின் முன் தூபமும் திராட்சமதுவும் படைத்துக் கிறிஸ்துவைப் பழித்தவர்களை விடுவித்தார். விடாப்பிடியாக மறுத்தவர்களைக் கொல்லச் சொன்னார். சிக்கல் தொடங்கியது அரசு நட்பான பிறகு. 313இல் வழிபாட்டுரிமை கிடைத்தது. 380இல் அந்த நம்பிக்கையே பேரரசின் சமயமாயிற்று. அதற்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், பிரிசில்லியன் என்ற ஆயரும் அவரைச் சேர்ந்த சிலரும் திரியர் நகரில் மாக்சிமுஸ் பேரரசனின் ஆணைப்படி கொல்லப்பட்டார்கள். ஏட்டில் எழுதிய குற்றம் சூனியம். வழக்கை மூட்டியவர்கள் சக ஆயர்கள்.

தூர் நகர ஆயர் மார்ட்டின், திருச்சபையின் வழக்கை அரசன் விசாரிப்பது தகாது, திருச்சபையிலிருந்து விலக்கி வைப்பதே போதும் என்று மன்றாடினார். அவர் ஊரைவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து தண்டனையை நிறைவேற்றினார்கள். மறுபடி வந்தபோது, அந்த ஆயர்களோடு நற்கருணை என்னும் திருவிருந்தில் பங்கேற்கும்படி அரசன் அவரை வற்புறுத்தினான்; பிரிசில்லியனைப் பின்பற்றிய மற்றவர்களை வேட்டையாட ஸ்பெயினுக்கு அனுப்பிய படையதிகாரிகளைத் திரும்ப அழைத்தால் பங்கேற்பதாக அவர் ஒப்புக்கொண்டார். மார்ட்டின் ஒருநாள் பங்கேற்றார், மறுநாளே கிளம்பினார். வழியில் காட்டோரத்தில் தனியே உட்கார்ந்து, தான் செய்தது சரியா தவறா என்று மனம் புழுங்கியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். அதற்குப்பின் அவர் ஆயர் கூட்டம் எதற்கும் போகவில்லை.

1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய திருச்சபையார், நாசி ஆட்சியின் நிழலிலேயே, திருச்சபை அரசின் உறுப்பாக மாறாது என்று அறிக்கையிட்டார்கள். துணிவான அறிக்கைதான், ஆனால் திருச்சபையின் சுதந்திரத்தை அவ்வளவு கவனமாகக் காத்த அந்த ஏட்டில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மார்ட்டினோ, தாம் ஏற்காத கொள்கையைப் பின்பற்றியவர்களின் உயிருக்காகத்தான் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார்.