மலாவி கிராமத்து இல்லத்துப் பிள்ளைகளின் பள்ளி நாள்

வணக்கம். ஆப்பிரிக்காவில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு புகைப்படம்தான் ஞாபகம் வருகிறது. வரிசையாகச் சின்னப் பிள்ளைகள், நடுவில் வெளிநாட்டு விருந்தாளி. அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, எந்த வகுப்பில் படிக்கிறது, ராத்திரி எந்த வெளிச்சத்தில் கணக்குப் போடுகிறது என்பதெல்லாம் படத்தில் வராது. நான் அதைத்தான் பேசப்போகிறேன். ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசினால் எதையும் பேசியதாக ஆகாது, அதனால் மலாவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் தலைநகர் லிலாங்வேயைச் சுற்றியுள்ள மத்தியப் பகுதிக் கிராமங்களை.

அங்கே பல இல்லங்களின் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நடந்துதான் போகிறார்கள். விடிவதற்குள் எழுந்து, அடிபம்பில் தண்ணீர் பிடித்து, முற்றம் கூட்டி, பெரிய பெண் பிள்ளை என்றால் சின்னதுகளையும் கிளப்பிவிட்டு, ஏழரை மணிக்குள் பள்ளியில் நிற்க வேண்டும். போனதும் அங்கேயும் விளக்குமாறுதான், பள்ளி மைதானத்தைக் கூட்டுவது பிள்ளைகளின் வேலை.

மலாவி 1994-இல் தொடக்கக் கல்விக்குக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 30 லட்சத்தை நெருங்கிவிட்டது. நல்ல முடிவு, சந்தேகமே இல்லை, ஆனால் வகுப்பறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை. ஓர் ஆசிரியருக்கு 60 பிள்ளைகள் என்பதே அரசு வைத்திருக்கும் இலக்கு. முதல் வகுப்பில் நூறைத் தாண்டி உட்கார்ந்திருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். சில வகுப்புகள் மாமரத்தடியில் நடக்கும். நவம்பரில் மழை தொடங்கினால் ஏப்ரல் வரை எந்த நாள் பாடம் நடக்கும் என்பதை வானம்தான் முடிவுசெய்யும்.

அப்புறம் பள்ளியில் ஊற்றும் கஞ்சி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை விஷயமே இதில்தான் இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி, பாலா என்பார்கள். மேரிஸ் மீல்ஸ் என்ற அமைப்பு 2002-இல் மலாவியில் 200 பிள்ளைகளுக்கு இப்படி ஊற்றத் தொடங்கியது, இன்றைக்கு அது பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. காய்ச்சுபவர்கள் கிராமத்துப் பெண்கள், முறைவைத்துச் சம்பளமில்லாமல் வருகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு குவளையோடு வரிசையில் நிற்பார்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வீட்டுக் குதிர்கள் காலியாகிவிடும், அறுவடைக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும், அந்த வாரங்களில் பல பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது இந்தக் குவளைதான். அந்த வரிசையில் பாட்டி வீட்டிலிருந்து வந்த பிள்ளை யார், இல்லத்திலிருந்து வந்த பிள்ளை யார் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நம் நன்கொடைதான். நன்கொடையாளர் பெயர் அச்சடித்த சட்டை, தனி வேன், மதில் சுவருக்குள் தனிப் பள்ளி. நல்ல மனதோடு கொடுக்கிறோம், ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவே அந்தப் பிள்ளை அந்நியமாகிவிடுகிறது. பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியே வரும்போது அதற்குத் தேவைப்படுவது அந்த ஊர் மனிதர்கள்தானே?

சாயங்காலம் வேறு கதை. ஆறு மணி சுமாருக்கெல்லாம் இருட்டிவிடும், கிராமங்களில் மின்சாரம் வந்த வீடுகள் மிகக் குறைவு. ஒரு சூரிய விளக்கைச் சுற்றிப் பத்துத் தலைகள். கீழ் வகுப்புகளில் பாடம் பெரும்பாலும் சிச்சேவா மொழியில் நடக்கிறது, மேலே போனதும் ஆங்கிலம், எட்டாம் வகுப்பு முடிவில் தேசியத் தேர்வு, அதில் எடுக்கும் மதிப்பெண்தான் உயர்நிலைப் பள்ளியில் இடம் உண்டா இல்லையா என்று சொல்லும். முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பராமரிப்பாளர்கள் இருக்கும் இடத்தில், இந்தப் பிள்ளைக்குப் பின்னக்கணக்கு வரவில்லை என்று யார் கவனிப்பார்கள்? நோட்டுப் புத்தகத்தைத் தினமும் திறந்து பார்க்கும் ஒரு பெரியவரைச் சம்பளத்துக்கு வைக்க எந்த நன்கொடையாளரும் பெயர்ப்பலகை கேட்கமாட்டார், அதனால்தான் அதற்குப் பணம் வருவதேயில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் யாருமற்றவர்கள் இல்லை. 2006-இல் பாடகி மடோனா ம்ச்சிஞ்சி மாவட்டத்து இல்லம் ஒன்றிலிருந்து ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுத்தபோது உலகமே அதைப் பேசியது, அந்தக் குழந்தையின் அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். எய்ட்ஸ் ஒரு தலைமுறைப் பெற்றோரை வாரிக்கொண்டு போனது உண்மை. ஆனால் 2004 முதல் அங்கே எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கிறது, எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க மருந்து என்ற திட்டத்தை 2011-இல் உலகிலேயே முதலில் தொடங்கியதும் மலாவிதான். பெற்றோர் பிழைக்கிறார்கள். ஆனாலும் பல குடும்பங்கள் வறுமையால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகின்றன. வறுமை மட்டுமே காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-லேயே ஐ.நா. நெறிமுறை சொல்லிவிட்டது.

மத்தியப் பகுதியில் வாழும் செவா மக்களிடம் தாய்வழி மரபு. பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது, தாய்மாமனுக்குப் பொறுப்பு உண்டு, பெற்றோரை இழந்த பிள்ளைகளில் மிகப் பலரைப் பாட்டிகள்தான் வளர்க்கிறார்கள். அந்தப் பாட்டியிடம் சீருடைக்குப் பணம் இல்லை, நோட்டு வாங்கப் பணம் இல்லை. இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள ஆகும் செலவில், தன் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகள் பலரைப் படிக்கவைக்க முடியும்.

அதனால் பணம் அனுப்பும் முன் கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், ஊர்ப் பிள்ளைகளோடா தனியாகவா, விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ போகிறார்களா, எட்டாம் வகுப்புக்குப் பிறகு விடுதிச் செலவை யார் ஏற்கிறார்கள், பாட்டி வீட்டுக்கே திரும்பிப் போன பிள்ளைக்கும் உங்கள் உதவி தொடர்ந்து போகுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் இல்லத்துக்குத் தயங்காமல் கொடுங்கள்.