பாட்டி சொன்ன கடலை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவர். "குழந்தை டாக்டரைத்தான் பார்த்துட்டோமே, அப்புறம் நீங்க எதுக்கு?" என்று சில பெற்றோர் முகத்துக்கு நேரே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சளி, இருமல், இளைப்பு என்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நான் தேவைப்படுவதில்லை. மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வரும்போதுதான் என் வேலை தொடங்குகிறது. அதில் பாதி, கேள்வி கேட்பது.

இரண்டு வயதுப் பையன் ஒருவன். நான்கு மாதமாக வீசிங். நெபுலைசர் வைத்தால் ஒரு நாள் தேவலை, மறுபடியும் இருமல். நடுவில் ஓரிடத்தில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்', அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்று சொல்லி ஆறு மாத மருந்தையும் தொடங்கியிருந்தார்கள். மெலிந்த குழந்தை இருமினால் இந்தப் பெயர் நம் ஊரில் கொஞ்சம் சுலபமாகவே கிடைத்துவிடுகிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலப்பக்கம் மட்டும் காற்றுச் சத்தம் குறைவு. ஆஸ்துமா என்றால் இரண்டு பக்கமும் இரைய வேண்டுமே? "எந்த நாளில் ஆரம்பித்தது?" என்றேன். அம்மாவுக்கு நினைவில்லை. பாட்டிதான் சொன்னார்: "கடலை தின்னுட்டிருந்தான் டாக்டர், புரையேறிச்சு. தலையைத் தட்டினேன், சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை. வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அடைபட்ட பக்கத்தில் காற்று தேங்கி நுரையீரல் உப்பியிருப்பது தெரியலாம், அதுவும் எப்போதும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப் என்கிற குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, அரைக் கடலையை எடுத்தோம். கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைக்காத வயது அது. நான்கு வயது வரையாவது கடலையைப் பொடித்துக் கொடுங்கள்.

ஆஸ்துமாதான் என்று உறுதியாகி, மருந்தை வாய் வழியாக உறிஞ்சும் பம்ப்பை (இன்ஹேலர்) எழுதினால் அடுத்த வழக்கு: "பம்ப் வேண்டாம் டாக்டர், பழகிடும், மாத்திரை கொடுங்க." மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து. பம்பை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், இருபதில் ஒரு பங்கு. மாத்திரை ரத்தத்தில் கலந்து, கையை நடுங்க வைத்து, அதற்கப்புறம்தான் நுரையீரலுக்கு வருகிறது. பம்ப் மருந்து நேராகப் போகிறது. ஆனால் பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குடுவையான ஸ்பேசர் வேண்டும்; அது இல்லாமல் அடித்தால் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் வாங்க வழியில்லாத இடங்களுக்காக தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டுச் சோதித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு அது சளைக்கவில்லை.

எதற்கு அவசரமாக ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, என்னைப் போன்றவரைத் தேடி அலையாதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி இரவில் சத்தம் வந்தால் செல்போனில் பிடித்து வாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிறதா, வெளியே விடும்போது விசில் மாதிரி வருகிறதா என்று அதில் கேட்டுவிடலாம். முன்னது தொண்டைப் பக்கத்துக் கோளாறு, பின்னது நெஞ்சுக்குள். பகலில் என் அறையில் அந்தக் குழந்தை ஒன்றுமே நடக்காதது போல ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.