கம்பி முனையில் 5 கிலோ விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள். மறுமுனையில் ஒரு மாதிரி விமானம், நடுவில் நிற்பவரைச் சுற்றி வட்டமடிக்கிறது. பிடியை மேலே சாய்த்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும், கீழே சாய்த்தால் கீழே வரும். இதுதான் கண்ட்ரோல் லைன். அமெரிக்காவில் ஜிம் வாக்கர் 1940-களில் ‘யூ-கண்ட்ரோல்’ என்ற பெயரில் பரப்பிய முறை. இன்றும் அடிப்படை மாறவில்லை.

வழக்கமான வித்தை விமானம் நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும். எடை 2 கிலோவைத் தாண்டாது. நான் பேசப்போவது இரண்டரை மீட்டர் இறக்கை கொண்ட பெரிய விமானத்தைப் பற்றி.

பலரும் சிறிய விமானத்தின் வரைபடத்தை எடுத்து அப்படியே 1.7 மடங்கு பெரிதாக்கிவிடுகிறார்கள். இறக்கையின் பரப்பு 3 மடங்காகும். எடையோ 5 மடங்காகும். 1.8 கிலோவாக இருந்தது 9 கிலோவில் வந்து நிற்கும். அதனால் இறக்கையின் குறுக்குச் சட்டங்களான ரிப்களில் துளை போட்டு, உடற்பகுதிப் பலகைகளை மெல்லியதாக்கி, கஷ்டப்பட்டு 5 கிலோவுக்குக் கொண்டுவருவார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் எடை குறைந்த இடத்தில் வேறொரு சிக்கல் முளைக்கிறது. பெரிய விமானங்கள் பல விழுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

மூக்கை மேலும் கீழும் திருப்புவது வாலில் அசையும் பலகையான எலிவேட்டர். அதை அசைக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? உங்கள் கையிலிருந்து அல்ல, கம்பியின் இழுவிசையிலிருந்து. 5 கிலோ விமானம், 22 மீட்டர் ஆரம், ஒரு சுற்றுக்கு ஐந்தரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் விநாடிக்கு 25 மீட்டர். இழுவிசை சுமார் 14.5 கிலோ. இரண்டு கம்பிக்கும் சேர்த்து இருப்பது அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு சாய்த்தாலும் ஒரு கம்பி முழுப் பாரத்தையும் தாங்கும், இன்னொன்று தொய்ந்துவிடும். அதற்கு மேல் எலிவேட்டர் நகராது.

அதே வேகத்தில் 1.7 மடங்கு பெரிய எலிவேட்டரைத் திருப்ப 5 மடங்கு முறுக்கு வேண்டும். எடையைக் குறைத்ததால் இழுவிசை 3 மடங்குகூடக் கூடவில்லை. வளையம் போடும்போது விமானம் கேட்டதைவிடப் பெரிய வட்டம் எடுக்கும். அடிப்பகுதியில் தரை குறுக்கே வந்துவிடும்.

மருந்து பெல்கிராங்கில் இருக்கிறது. இறக்கைக்குள் இருந்து, கம்பிகளின் இழுப்பை எலிவேட்டருக்குக் கடத்தும் நெம்புகோல் அது. கம்பி மாட்டும் இரு துளைகளுக்கிடையே 10 செ.மீ. இருப்பதை 15 அல்லது 17 செ.மீ. ஆக்குங்கள். எலிவேட்டருக்குப் போகும் தண்டான புஷ்ராடு மாட்டும் துளையை மட்டும் அச்சிலிருந்து தள்ளி வைக்காதீர்கள். வைத்தால் பெற்ற லாபம் போய்விடும். கம்பி அதிக தூரம் நகர வேண்டியிருப்பதால் கைப்பிடியிலும் கம்பிகளின் இடைவெளியை அதற்கேற்ப அகட்ட வேண்டும். எலிவேட்டரை அகலம் குறைத்து, நீளமாக அமைப்பதும் உதவும்.

பெல்கிராங்கின் அச்சு 6 மி.மீ. எஃகு போல்ட். அதை ஒரே பலகையில் நட்டுவைத்தால் இழுப்பில் சாயும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு 3 மி.மீ. பிர்ச் பிளைவுட் தட்டுகளை ஸ்பார்களோடு (இறக்கையின் நீளவாட்டுச் சட்டங்கள்) எபாக்சிப் பசையில் ஒட்டி, போல்ட்டின் இரு முனைகளையும் பிடிக்கச் செய்யுங்கள். பெல்கிராங்கிலிருந்து இறக்கை நுனி வழியாக வெளியே வரும் லீட்அவுட் கம்பி வளையும் துளையில் பித்தளை புஷ் (உள்வளையம்) கட்டாயம். இல்லாவிட்டால் துளையின் கூரிய விளிம்பு, முறுக்குக் கம்பியின் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். இறக்கைக்குள் நடப்பதால் வெளியே தெரியாது. அதற்காகவே அடியில் ஒரு சின்ன மூடி வைத்து, ஒவ்வொரு பறக்கும் நாளிலும் திறந்து பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்று பறக்கக் கூடாது.

புஷ்ராடு இங்கே முக்கால் மீட்டருக்கு மேல் நீளும். வெறும் கம்பியாக இருந்தால் இழுக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், தள்ளும்போது வில்லாக வளையும். 8 மி.மீ. கார்பன் குழாயும் நடுவில் ஒரு தாங்கியும் போதும். எலிவேட்டரை ஒருவர் கையால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கம்பியை இழுக்கட்டும். எது வளைகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

தலைக்கு நேர் மேலே போகும்போது விமானத்தின் எடை, இழுவிசையிலிருந்து கழிந்துவிடும். 25 மீட்டர் வேகத்தில் மேலே 9.5 கிலோ மிஞ்சும். வேகம் 20-க்கு இறங்கினால் 4 கிலோ சொச்சம். 15-க்கு இறங்கினால் கம்பியில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இந்தக் கடைசிக் கணக்கு எடையைப் பொறுத்ததல்ல, ஆரத்தையும் வேகத்தையும் மட்டும் பொறுத்தது. ஆகவே ஏறும்போதும் வேகம் தளராத எஞ்சினோ மோட்டாரோ இல்லாமல் வித்தை காட்டாதீர்கள். தாழ்வாகச் சுற்றிவருவதும் அழகுதான்.

புரொப்பெல்லர் கனமாக இருந்தால் இன்னொரு தொல்லை. புரொப்பெல்லர் வழக்கம்போல் (பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக) சுழல, விமானம் இடஞ்சுழியாகப் பறக்கும்போது மூக்கைச் சட்டென்று கீழே திருப்பினால், சுழலும் புரொப்பெல்லரின் கைரோஸ்கோப் விளைவு மூக்கை உங்கள் பக்கம் திருப்பும், கம்பி தொய்யும். எடை குறைந்த புரொப்பெல்லரையே தேர்ந்தெடுங்கள்.

பறக்கும் முன் இழுவைச் சோதனை. வித்தைப் பறத்தலில் எடையைப் போல் 10 மடங்கு என்பது வழக்கம். நம் விமானத்துக்கு 50 கிலோ. தராசைக் கைப்பிடியில் மாட்டி, விமானத்தைப் பெல்கிராங்க் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு இழுங்கள். கம்பி, கிளிப், பெல்கிராங்க் எல்லாம் ஒரே நேரத்தில் சோதனைக்கு வரும். ஒற்றைக் கம்பியே இந்த 50 கிலோவைத் தாங்கும் தடிமனில் வாங்குவது நல்லது. கூர்மையாகத் திரும்பும்போது பாரம் ஒன்றின்மீதே விழுகிறது. மடங்கிய கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். மணிக்கட்டில் பாதுகாப்புப் பட்டை எப்போதும் இருக்கட்டும். வட்டத்துக்கு அருகே மின்கம்பி போகும் இடத்தில் விமானத்தை எடுக்கவே வேண்டாம். எஃகுக் கம்பி அதில் பட்டால் மின்சாரம் உங்கள் கைக்கு வந்து உயிரைப் பறித்துவிடும்.

எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு மூன்றாவது கம்பியோ சிறு ரேடியோவோ வையுங்கள். இறங்கும்போது வேகம் விநாடிக்கு 10 மீட்டராகக் குறைந்தால் இழுவிசை 2 கிலோ சொச்சம்தான். அப்போது காற்று வரும் பக்கத்தில் விமானம் இருந்தால், காற்றே அதை உங்கள்மீது தள்ளும். த்ராட்டில் இருந்தால் இன்னொரு அரைச் சுற்றுப் பறந்து, காற்று வெளிப்பக்கம் தள்ளும் இடத்தில் சக்கரத்தைத் தரையில் வைக்கலாம். அப்படியும் கம்பி தளர்ந்தால், விமானத்தைப் பார்த்தபடியே இரண்டு மூன்று அடி பின்னோக்கி நடங்கள். கம்பி மறுபடி இறுகும்.